யாருடைய ஆட்டம்?

விளையாட்டைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையிலே எழுதுவது தகுமா என வினவும் அன்பர்கள் எம்மிடையே இன்றும் உளர். கலை இலக்கியத்தை ஒரு தட்டிலும் பந்தாட்டத்தை மறு தட்டிலும் வைத்துப் பார்த்துப் பழகிவிட்ட அவ்வன்பர்களை, ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1972 ஆம் ஆண்டு யூன் 19 ஆந் திகதி வழங்கிய தீர்ப்பொன்றை ஒருமுறை வாசித்துப் பார்க்குமாறு வேண்டுவோம். பேஸ்போல் ஆட்டக்காரர் ஒருவர், தமது சம்மதம் இன்றித் தம்மை ஒரு கழகம் இன்னொரு கழகத்துக்குக் கைமாற்றுவது சட்டத்துக்கு ஒவ்வாது என்று தொடுத்த வழக்கின் தீர்ப்பு அது. அதனை எழுதிய நீதியரசர் ஹரி பிளாக்மன், சட்டத்தைக் கையிலெடுக்கு முன்னர் ஆட்டத்தின் புகழைப் பாடத் தொடங்குகிறார். 1846 இல் ஹொபோக்கன் என்னுமிடத்தில் நடந்த ஆட்டத்தை நினைவுகூர்கிறார். பழம்பெரும் ஆட்டக்காரர் எண்பதுக்கு மேற்பட்டோரின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். ஆட்டத்தைப் பாடிய கவிதைகளையும் குறிப்பிட மறந்தாரில்லை. உடனிருந்த நீதியரசர் இருவர், முடிவோடு உடன்பட்டபோதிலும், தீர்ப்பின் இந்தப் பகுதியிலே தமது பெயரைச் சேர்க்க மறுத்துவிட்டனர். புகழ்மாலை முடிகிறது, வழக்கு தள்ளுபடியாகிறது. ஐவர் ஒருபுறம், மூவர் மறுபுறம்.

அப்பெயர் வரிசையிலே ஜக்கி றொபின்சனின் பெயரும் உண்டு. அதே றொபின்சன்தான் இதே வழக்கிலே வழக்காளியின் பக்கம் நின்று சாட்சி கூறியவர். நீதியரசர் அவருக்கு மாலை சூட்டினார். அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

ஓர் ஆட்டத்தின்பால் மக்கள் கொண்ட அன்பு, அந்த ஆட்டத்தை ஆடுபவனைக் கட்டி வைக்கும் கயிறாக எவ்வாறு திரிக்கப்படுகிறது என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று எமக்குக் கிடைக்கவில்லை. அன்பு பொய்யானது என்று நாம் கூறவரவில்லை. பிளாக்மன் உண்மையான இரசிகர், நாமும் அவ்வாறே. அதனாலேயே இவ்விடயம் எம்மை உறுத்துகிறது.

எமது வாசகர்களிற் பெரும்பாலோர் கிறிக்கெற்றை அறிந்தவர்கள். பேஸ்போல் அதற்குத் தூரத்து உறவு. பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது சுற்றுக்கள், பருவமொன்றில் ஒவ்வொரு கழகத்துக்கும் 162 ஆட்டங்கள். பத்து முறை துடுப்பெடுத்து மூன்று முறை வெற்றி காண்பவனைத் தலைசிறந்தவன் என்று கொண்டாடும் ஆட்டம் இது. ஏழு முறை தோற்பதைப் பெருங்குறையாகக் கொள்ளாத பெருந்தன்மை அதற்குண்டு. நியூயோர்க்கில் கோடைகால மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எமக்கு விடியற்காலை நாலரை மணி. ஊர் உறங்கும் வேளையிலே தேநீரும் கையுமாக அமர்ந்து, எறிபவனும் அடிப்பவனும் ஒருவரை ஒருவர் அளந்துபார்க்கும் அந்த நீண்ட மௌனத்தைப் பார்த்துக் கழித்த காலைகள் எமக்குப் பல உண்டு. வெளியே நின்று ஆராயும் அறிஞனின் குரலிலே நாம் பேசவில்லை என்பதை வாசகர் அறிதல் வேண்டும்.

இனி, வழக்கின் வேரைப் பார்ப்போம். 1879 இல் கழக உடைமையாளர்கள் கூடி, ஒவ்வொரு கழகமும் தன் ஆட்டக்காரர் ஐவரைத் 'தடுத்து' வைத்துக்கொள்ளலாம், ஏனையோர் அவர்களுக்கு வலைவீசலாகாது என்று தமக்குள் உடன்பட்டனர். நாளடைவில் அந்த ஐவர் என்ற எல்லை மறைந்து, எல்லா ஆட்டக்காரரும் அவ்விதிக்குள் அடங்கினர். ஒப்பந்தம் ஓராண்டுக்கே எழுதப்படும். ஆனால் அடுத்த ஆண்டுக்கும் அதே நிபந்தனைகளோடு அதனைப் புதுப்பிக்கும் உரிமை கழகத்துக்கு உண்டு. புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே வாசகம் இருக்கும். ஆகவே, ஓராண்டு ஒப்பந்தம் ஆயுள் ஒப்பந்தமாகிவிடும். கழகம் அவனை விற்கலாம், மாற்றலாம், நீக்கலாம். அவன் வேறிடம் செல்ல இயலாது. ஆட்டத்தைத் துறந்து வேறு தொழில் தேடும் சுதந்திரம் மட்டும் அவனுக்கு எஞ்சியிருந்தது.

முதலாளித்துவத்தின் தாயகம் என்று தன்னைப் பெருமையோடு கூறிக்கொள்ளும் நாட்டில், உழைப்பை விற்கும் சுதந்திரத்தையே மறுக்கும் இவ்வேற்பாடு ஒரு நூற்றாண்டு எவ்வாறு நிலைத்தது? அங்கே ஏகபோகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1890 முதல் உண்டு. ஆயினும் 1922 இல் உயர் நீதிமன்றம், நீதியரசர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸின் வாய்மொழியாக, பேஸ்போல் ஆட்டங்களை நடத்துவது மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகம் அன்று எனத் தீர்த்தது. உற்பத்தியோடு சம்பந்தப்படாத தனிமனித முயற்சி வர்த்தகப் பொருள் ஆகாது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. மைதானம் கட்டி, வாயிலிலே காசு வாங்கி, புகைவண்டியேறி ஊரூராகச் சென்று ஆடும் தொழில் வர்த்தகம் அன்றாம்! பின்னர் குத்துச்சண்டைக்கும் அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கும் இதே சலுகை கோரப்பட்டபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது. பேஸ்போலுக்கு மட்டுமே அந்தப் பாக்கியம் வாய்த்தது.

வழக்காளியின் பெயர் கேர்ட் பிளட். சென் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்தின் நடுக்களக் காவலராகப் பன்னிரண்டு பருவங்கள் ஆடியவர். 1969 ஒக்ரோபரில் அவர் பிலடெல்பியாக் கழகத்துக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 24 ஆந் திகதி, ஆணையாளர் போவி கூனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தமது விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு சொத்தல்லர் என்பதே அதன் சாரம். ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் டொலர் வாங்கும் ஒருவர் அடிமைத்தனம் பற்றிப் பேசலாமா என்று தொலைக்காட்சியிலே கேட்டபோது, நல்ல கூலி பெற்றாலும் அடிமை அடிமையே என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார்.

ஆட்டக்காரர் சங்கம் வழக்குச் செலவைப் பொறுப்பேற்றது. உருக்குத் தொழிலாளர் சங்கத்திலே பொருளியலாளராகப் பணியாற்றிவிட்டு 1966 இல் இச்சங்கத்துக்கு வந்த மார்வின் மில்லர், வெல்லும் வாய்ப்பு அரிது என்பதைப் பிளட்டிடம் ஒளிக்கவில்லை. ஆயினும் விசாரணை நடந்தபோது, அன்று களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவரேனும் நீதிமன்றத்துக்கு வந்தாரில்லை. வந்தவர்கள் றொபின்சன், ஹாங் கிறீன்பேர்க் போன்ற ஓய்வு பெற்றோரே. ஒருவர் கறுப்பர், மற்றவர் யூதர். களத்திலே வசைமொழி கேட்டு வளர்ந்தவர்கள் வந்து நின்றார்கள் என்பது தற்செயலன்று என எண்ணுகிறோம்.

இப்பொழுது மீண்டும் தீர்ப்புக்கு வருவோம். இலக்கிய விமர்சனத்தில் வடிவத்துக்கும் உள்ளடக்கத்துக்குமுள்ள உறவு பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். பிளாக்மனின் தீர்ப்பு அவ்வுறவுக்கு நல்ல உதாரணம். பேஸ்போல் ஒரு வியாபாரமே என்று அவர் வெளிப்படையாக ஏற்கிறார். அதற்குரிய விலக்கு ஒரு முரண்பாடே என்றும் ஏற்கிறார். பின்னர், அரை நூற்றாண்டு இருந்துவிட்ட முரண்பாட்டைப் பாராளுமன்றமே நீக்கட்டும் என்று கைகழுவுகிறார். இத்துணை பலவீனமான தர்க்கம் தனித்து நிற்காது. அதற்கு முண்டுகொடுக்கவே முன்பகுதியின் வர்ணனை வருகிறது. பொற்காலம் ஒன்றை முதலிலே காட்டிவிட்டால், அதனைக் குலைக்க வருபவன் அந்நியனாகிவிடுவான். நிலமானிய காலத்துப் பிரபந்தங்களிலே பாட்டுடைத் தலைவனின் நாட்டு வளம் பாடப்படும். அவ்வளத்தை விளைவித்தவன் யாரென்று கேட்க அங்கே இடமிருப்பதில்லை. 1953 இல் இதே விலக்கை ஆதரித்த நீதியரசர் வில்லியம் டக்ளஸ், இம்முறை மாறி நின்று, முன்னைய தமது வாக்குக்காக வருந்துவதாக எழுதினார். அது நேர்மை. புகழ்மாலை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

பிளட் 1971 இல் வொஷிங்டன் கழகத்துக்காகப் பதின்மூன்று ஆட்டங்கள் மட்டுமே ஆடி, ஆட்டத்தை விட்டு நாட்டையும் விட்டு அகன்றார். அவர் தோற்ற இடத்திலே சங்கம் வேறு வழியால் வென்றது. 1975 டிசம்பரில் பீற்றர் சைற்ஸ் என்ற மத்தியஸ்தர், புதுப்பிக்கும் உரிமை ஓராண்டுக்கே செல்லும், அதற்கு மேல் செல்லாது என்று தீர்த்தார். ஒப்பந்தத்திலிருந்த ஒரு சொற்றொடரை உள்ளபடி வாசித்ததைத் தவிர அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. உடைமையாளர் அவரை உடனே பதவி நீக்கினர். பத்தாண்டு கழிந்ததும், சுதந்திரம் பெற்ற ஆட்டக்காரரை எவரும் கூடிய விலைக்கு எடுப்பதில்லை என்று தமக்குள் இரகசியமாக உடன்பட்டனர். அகப்பட்டுக்கொண்டு, 1990 இல் 280 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுக்க இணங்கினர். வர்த்தகமே அன்று என்று ஒருகாலத்தில் தீர்ப்புப் பெற்றவர்கள் இவர்கள்.

இந்த இடத்திலே இரசிகர்களாகிய நாம் எம்மையும் விசாரணைக் கூண்டில் ஏற்றவேண்டியுள்ளது. 1994 ஓகஸ்ற்றில் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு 'உலகத் தொடர்' என்னும் இறுதிப்போட்டி நடைபெறவே இல்லை. இரு பகுதியாரும் பேராசைக்காரர் என்ற பேச்சே எங்கும் கேட்டது. நாமும் அதையே பேசினோம். ஆட்டக்காரனின் சம்பளம் நாளிதழில் வருகிறது. அதனை எமது சம்பளத்தோடு ஒப்பிட்டு வயிறெரிகிறோம். கழகத்தின் கணக்குப் புத்தகம் நாளிதழில் வருவதில்லை. 1973 இல் ஏறத்தாழப் பத்து மில்லியன் டொலருக்கு வாங்கப்பட்டது நியூயோர்க் யாங்கீஸ். 2012 இல் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் 2.15 பில்லியனுக்குக் கைமாறியது. இத்தொகைகளைக் கேட்டு எவரும் 'ஒரு பந்தை அடிப்பதற்கா இவ்வளவு' என்று கேட்பதில்லை. வாங்கியவன் பந்தை அடிப்பதுகூட இல்லை. 2023 டிசம்பரில் யப்பானிய வீரர் ஷோஹெய் ஓட்டானி பத்தாண்டுக்கு 700 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தபோது உலகமே வியந்தது. அதில் 680 மில்லியன், 2034 முதல் 2043 வரை, வட்டியின்றிப் பின்னரே கொடுபடும் என்ற செய்தி சிறிய எழுத்தில் வந்தது.

கற்பனை இலக்கியம் இதனை எவ்வாறு கண்டது? பேர்னாட் மலமட் 1952 இல் எழுதிய 'த நச்சுரல்' என்னும் நாவலின் நாயகன் றோய் ஹொப்ஸ், இயற்கையே ஆட்டத்துக்கெனப் படைத்துவிட்டாற்போன்ற வீரன். கழகத்தின் பெரும்பங்கை வைத்திருக்கும் நீதிபதி ஒருவர் இருட்டறையிலே அமர்ந்து கணக்குப் பார்க்கிறார்; தமது கழகம் தோற்றாலே அவருக்கு இலாபம். ஹொப்ஸ் கையூட்டை ஏற்கிறான். இறுதி ஆட்டத்தில் மனம் மாறுகிறான். ஆனால் காலம் கடந்துவிடுகிறது. துடுப்பு உடைகிறது, அவன் தோற்கிறான். தெருவிலே பத்திரிகை விற்கும் சிறுவன், செய்தி பொய்யென்று சொல்லுமாறு அவனிடம் கேட்க, அவன் அழுகிறான். 1919 இலே சிக்காகோக் கழகத்தின் எட்டுப் பேர் சூதாடிகளோடு சேர்ந்து உலகத் தொடரை விட்டுக்கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, யூரிகள் விடுவித்த பின்னரும் ஆயுள் முழுவதும் தடைசெய்யப்பட்ட சம்பவத்தின் நிழல் இந்நாவலிற் படிந்திருக்கிறது.

1984 இல் அந்நாவல் திரைப்படமாயிற்று. படத்தில் ஹொப்ஸ் கையூட்டை உதறுகிறான். இறுதியில் அவன் அடித்த பந்து மைதானத்தின் மின்விளக்குகளைத் தகர்க்க, பொறிகள் மழையாகச் சொரிகின்றன. பார்ப்பவர் கண்கள் பனிக்கும். எமது கண்களும் பனித்தன என்பதை மறைப்பானேன்? ஆனால் நாவலை எடுத்து மறுபடி வாசித்தபோது, எம்மை ஏதோ ஒரு விதத்திலே ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணமே எழுந்தது. மலமட் காட்டியது ஒரு மனிதனின் வீழ்ச்சி மாத்திரமன்று. இருட்டறையிலிருக்கும் உடைமையாளனிடம் திறமையும் விலைக்குப் போகும் என்ற உண்மை. திரைப்படம் அந்த உடைமையாளனைத் தனியொரு வில்லனாக்கி, ஒரே அடியில் வென்றுவிடுகிறது. யதார்த்தத்தை எழுதியவன் முடிவை, வியாபாரம் தனக்கேற்றபடி மாற்றிக்கொண்டது. ஆட்டத்தைப் பற்றிய கதைக்கும் ஆட்டத்துக்கு நேர்ந்ததே நேர்ந்தது.

ஐந்தாண்டு கழித்து வந்த 'பீல்ட் ஒவ் ட்றீம்ஸ்' இன்னும் துணிச்சலானது. ஐயோவா மாநில விவசாயி ஒருவன், அசரீரி கேட்டு, சோளப்பயிரை அழித்து ஆட்டக்களம் அமைக்கிறான். தடைசெய்யப்பட்ட அந்த எட்டுப் பேரும் ஆவிகளாக வந்து ஆடுகின்றனர். நிலமோ கடனில் மூழ்குகிறது. எண்பதுகளிலே அமெரிக்கச் சிறு விவசாயிகள் உண்மையிலேயே கடனுக்கு நிலமிழந்துகொண்டிருந்தனர்; அந்த வேதனையைப் படம் தொடுகிறது, உடனே கைவிடுகிறது. நிலத்தை மீட்க அது கூறும் வழி என்ன? மக்கள் திரள்திரளாக வருவர், ஆளுக்கு இருபது டொலர் கொடுப்பர் என்பதே. ஆவிகளுக்கும் நுழைவுச்சீட்டு! 2021 ஓகஸ்ற்றில் பேஸ்போல் நிருவாகம் அப்படம் எடுக்கப்பட்ட இடத்தருகே உண்மையான ஆட்டமொன்றையே நடத்தியது. சோளப்பயிரினூடே வீரர் நடந்துவந்த காட்சியைத் தொலைக்காட்சி காட்டிற்று. கிராமிய வாழ்வின் தூய்மை அழகாகப் பொதிசெய்யப்பட்டு வந்தது.

இத்தூய்மை புதிதாகப் புனையப்பட்டதுமன்று. ஆட்டத்தை 1839 இல் கூப்பர்ஸ்ரவுண் என்ற சிற்றூரில் அப்னர் டபிள்டே கண்டுபிடித்தார் என 1907 இல் ஒரு குழு அறிவித்தது. அக்குழுவை அமைக்க முன்னின்றவர் விளையாட்டுப் பொருள் வியாபாரியான அல்பேர்ட் ஸ்போல்டிங். டபிள்டே அவ்வாண்டு இராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். ஆங்கிலேயப் பிள்ளைகளின் ஆட்டங்களிலிருந்து வளர்ந்து, நகரத்துக் கைவினைஞரும் எழுதுவினைஞரும் உருத்திருத்திய ஓர் ஆட்டத்துக்கு, கிராமத்திலே தேசபக்தியுள்ள ஒரு தந்தை தேடப்பட்டார். அச்சிற்றூரிலேயே இன்று புகழ் மண்டபம் நிற்கிறது. மார்வின் மில்லருக்கு அங்கே இடம் வழங்க முடிவாகியது 2019 டிசம்பரில். அவர் இறந்ததோ 2012 இல்.

இவற்றோடு ஒப்பிட, ஓகஸ்ற் வில்சனின் 'பென்சஸ்' என்னும் நாடகம் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது! 1987 இலே புலிற்சர் பரிசு பெற்ற அந்நாடகத்தில் ஆட்டக்களமே இல்லை. ட்ரோய் மக்ஸ்சன் ஒருகாலத்தில் கறுப்பர் லீக்கிலே ஆடியவர். ஐம்பது வயதைத் தாண்டிய அவர் இப்பொழுது குப்பை அள்ளும் தொழிலாளி. வெள்ளையர் வண்டி ஓட்டக் கறுப்பர் குப்பை தூக்குவதேன் என்று கேட்டு, சாரதி வேலையைப் பெறுகிறார். அதே மனிதர் தம் மகனின் விளையாட்டுக் கனவை இரக்கமின்றி மிதிக்கிறார். முற்றத்து மரத்திலே கந்தற்றுணிப் பந்தொன்று தொங்குகிறது. அநீதி செய்யப்பட்டவன் நல்லவனாகவே இருந்தாக வேண்டும் என்ற மலிவான விதிக்கு வில்சன் பணியவில்லை. விளையாட்டுப் பற்றிய படைப்புக்களில் நாம் தேடும் யதார்த்தம் இதுவே.

கறுப்பர் லீக்குகளின் கதையிலும் அன்பும் கணக்கும் பிரிக்கமுடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. 1947 ஏப்ரல் 15 ஆந் திகதி ஜக்கி றொபின்சன் புறூக்ளின் டொட்ஜர்ஸ் கழகத்துக்காகக் களமிறங்கியதை மனித நாகரிகத்தின் வெற்றி என்று போற்றுகிறோம், போற்றவே வேண்டும். ஆனால் அவரைக் கொண்டுவந்த பிறாஞ் றிக்கி, அவர் முன்னர் ஆடிய கன்சாஸ் சிற்றி மொனாக்ஸ் கழகத்துக்கு ஒரு சதமேனும் கொடுத்தாரில்லை. நிறத்தடையை உடைத்த கதவு வழியே ஆட்டக்காரர் மட்டுமே உள்ளே சென்றனர்; கறுப்பர் நடத்திய கழகங்களும், அங்கே வேலைசெய்த முகாமையாளரும் பயிற்றுநரும் சீட்டு விற்பவரும் வெளியிலே நின்றனர். இரண்டாண்டுக்குள் நீக்ரோ தேசிய லீக் மறைந்தது. 2020 டிசம்பரில் அந்த லீக்குகளும் 'பெரிய லீக்குகளே' என்று நிருவாகம் ஏற்றுக்கொண்டது. புள்ளிவிபரம் சேர்க்கப்பட்டது. சேர்ப்பதற்குச் செலவில்லை.

மேல்மட்டத்து ஆட்டக்காரர் வென்றனர், உண்மை. அவர்களுடைய சங்கமோ நெடுங்காலம் கீழ்ப்படியில் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2020 வரை சிறிய லீக்குகளின் கீழ்வகுப்பில் ஆடியவனுக்குக் கிழமைக்கு 290 டொலரே குறைந்த சம்பளம். அதுவும் பருவகாலத்துக்கு மாத்திரம். 2018 இல் அவர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து விலக்க ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காக்கும் சட்டம்'. பிளாக்மனின் பரணியின் கடைசி அடி இது என்று தோன்றுகிறது. 2021 இல் நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றூர்க் கழகங்களின் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. மறு ஆண்டிலேதான் சிறிய லீக் ஆட்டக்காரர் சங்கத்திற் சேர்ந்தனர். 2023 மார்ச்சில் அவர்களுடைய முதற் கூட்டு ஒப்பந்தம் பிறந்தது. டொமினிக்கன் குடியரசிலே பெரிய கழகங்கள் முப்பதும் பயிற்சிக் கூடங்கள் வைத்திருக்கின்றன. பதினாறு வயதுப் பையன்கள் அங்கே ஒப்பந்தம் எழுதுகின்றனர். பந்தோ கொஸ்ரா றிக்காவில் துரியல்பா என்ற ஊரில் தைக்கப்படுகிறது: செந்நூலால், கையால், 108 இரட்டைத் தையல்கள். எந்திரம் அந்த வேலையைச் செய்யக் கற்றுக்கொள்ளவில்லை. விடியற்காலையில் நாம் பார்த்து மயங்கும் வளைந்த எறிகள் யாவும், காற்றை மறிக்கும் அந்தத் தையலின் மேட்டின் துணையோடு வளைகின்றன.

ஊரை விட்டுக் கழகம் பெயர்வது இரசிகனுக்கு நேரும் பெருந்துயர். 1957 செப்ரெம்பர் 24 இல் புறூக்ளின் எபற்ஸ் மைதானத்திலே கடைசி ஆட்டம் நடந்தது. இலாபம் ஈட்டிக்கொண்டிருந்த கழகத்தை அதன் உடைமையாளர் வோல்ற்றர் ஓமாலி லொஸ் ஏஞ்சலிசுக்குக் கொண்டு சென்றார். 1960 இல் மைதானத்தை இடிக்க வந்த இரும்புக் குண்டுக்குப் பேஸ்போல் பந்துபோல வெள்ளை வர்ணம் பூசியிருந்தனர். இத்தகைய நகைச்சுவையை எவர் கற்பித்தாரோ! புறூக்ளினின் கண்ணீரைப் பற்றி நூல்கள் பல வந்துள்ளன. சென்றடைந்த ஊரின் கண்ணீர் அவ்வளவு பேசப்படவில்லை. சாவேஸ் றவீன் என்ற குன்றுப் பள்ளத்திலே வாழ்ந்த மெக்சிக்க வமிசத்துக் குடும்பங்கள், ஏழைகளுக்கு வீடு கட்டப்போவதாகக் கூறி ஐம்பதுகளின் தொடக்கத்தில் அகற்றப்பட்டன. பொது வீடமைப்பு என்பது கம்யூனிசம் என்ற கூச்சல் எழுந்து, திட்டம் கைவிடப்பட்டது. நிலம் கழகத்தின் கைக்குப் போயிற்று. எஞ்சியிருந்தவர்களை 1959 மே மாதத்தில் பொலிசார் தூக்கி வெளியேற்றினர். 1962 இல் அங்கே மைதானம் திறக்கப்பட்டது. அழகான மைதானம், குன்றுகளுக்குப் பின்னே சூரியன் மறைவதைப் பார்த்து நாமும் சொக்கியிருக்கிறோம்.

ஓக்லண்டில் இக்கதை மீண்டும் நடந்தது. அத்லெற்றிக்ஸ் கழகத்தின் உடைமையாளர் நல்ல ஆட்டக்காரரை விற்றார்; சீட்டு விலையை ஏற்றினார்; மைதானம் பழுதடைந்தது. மக்கள் வரவு குறைந்ததும், இவ்வூருக்கு ஆட்டத்தில் ஆர்வமில்லை என்ற பேச்சு எழுந்தது. லாஸ் வேகாசிலே புதிய மைதானம் கட்ட, நெவாடா மாநிலம் 380 மில்லியன் டொலர் வரையிலான பொதுப்பணத்தை ஒதுக்க முன்வந்தது. 2023 யூன் 13 ஆந் திகதி ஓக்லண்ட் இரசிகர்கள் ஒரு விசித்திரமான பகிஷ்காரம் நடத்தினர்: வராமல் இருப்பதற்குப் பதிலாக எல்லோரும் வந்தனர். அன்று வந்தோர் 27,759 பேர். 'கழகத்தை விற்றுவிடு' என்று ஒரே குரலில் முழங்கினர். பார்வையாளன் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவன் தன் அன்பைத் தானே கையிலெடுத்து, எதிர்ப்பாக்கிய மாலை அது. உடைமையாளர்கள் அவ்வாண்டு நவம்பரில் ஏகமனதாக இடமாற்றத்தை அங்கீகரித்தனர். 2024 செப்ரெம்பர் 26 இல் நடந்த கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தனர். களத்து மண்ணிற் சிறிதளவை எடுத்துச் சென்றோரும் உளர்.

அவ்வாண்டிலேயே அந்நகரில் ஓக்லண்ட் போலர்ஸ் என்ற சிறு கழகம் ஆடத் தொடங்கியது. இரசிகர் ஆயிரக்கணக்கானோர் அதிலே சிறு பங்குகள் வாங்கினர். இதனை மக்கள் உடைமை என்று கொண்டாடுவது அவசரமாகும். பெரும் பங்கு இன்னும் நிறுவியவர்களிடமே இருக்கிறது, சிறு பங்காளன் சொல் எவ்வளவு செல்லும் என்பதும் கேள்வியே. எனினும் ஊரை விட்டு இலகுவில் எவரும் தூக்கிச் செல்ல முடியாத கழகம் ஒன்று வேண்டும் என்ற ஆசையிலே அது எழுந்தது. 2025 இல் தனது லீக்கின் வாகையையும் சூடிற்று. அவர்கள் ஆடும் றைமொண்டிப் பூங்கா மேற்கு ஓக்லண்டில், துறைமுகத்துக்கு அண்மையில் இருக்கிறது. சிறுவயதிலே கேர்ட் பிளட் பந்து பிடிக்கக் கற்றுக்கொண்டதும் அந்த மேற்கு ஓக்லண்டிலேதான்.